நிலுவை ஏதுமில்லை

மருதங்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கஞ்சி மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் பீடத்தையும் தேட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, மூன்று அண்டா, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். நோயாளிக்குத் துணையாக வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடப்பவர்களுக்கு அங்கே மத்தியானம் கஞ்சி உண்டு, துவையல் உண்டு, கேள்வி கிடையாது.

மடத்தை நடத்தியவர் செங்கமலத்தம்மா. வயது நாற்பத்து நாலு. காவி கட்டியதில்லை, யாருக்கும் திருநீறு பூசியதில்லை, ஒரு நாளும் பிரசங்கம் செய்ததில்லை. ஆனாலும் ஊர் அவரைக் குருவாகத்தான் வைத்திருந்தது. பேசாமல் வேலை பார்ப்பவர்களை நம்மவர்கள் ஒன்று குரு என்பார்கள், இல்லாவிட்டால் ஊமை என்பார்கள்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் பூவராகன், அந்த ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். வயது ஐம்பத்தொன்பது, ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வருவார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு துடுப்பால் கஞ்சியைக் கிண்டுவார். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூடுதல். இவர் "தாயே" என்பார், அவர் "அண்ணே" என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பூவராகனுக்கு உள்ளூர ஓர் ஏக்கம் இருந்தது. முப்பத்து நாலு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தாள்களில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கண்ணை மூடினால் தாள்கள்தான் தெரிகின்றன. ஒரு முகம், 'இவன் கஷ்டத்தை நான் தீர்த்து வைத்தேன்' என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு மனித முகம், தெரிய மாட்டேன் என்கிறது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சித்திரை மாதத்து ஒரு செவ்வாயன்று அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. துடுப்பைப் போட்ட வேகத்தில் கஞ்சி தெறித்தது.

"அண்டா என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் செங்கமலத்தம்மா.

"தாயே, ஒண்ணு கேக்கணும். நாலு துறை ஒண்ணு சேர்ந்து வேலை பார்க்க என்ன வழி?"

"காலையில என்ன நடந்துச்சு?"

பூவராகன் சொன்னார். காலையில் அவர் ஆபீசில் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்திருந்தது. அதில் வைரப்பெருமாள் என்கிறவனின் மனு வந்தது. கல் உடைக்கும் கிரஷரில் இருபது வருடம் வேலை பார்த்தவன். நுரையீரல் முழுக்கக் கல் தூசி. ஏழு மாதமாக எதிர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்கிறான். இனி வைத்தியம் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவன் கேட்பதும் அதைத்தான். சாகிற மட்டும் என் வீட்டில் படுத்திருக்கிறேன் என்கிறான்.

"அனுப்ப வேண்டியதுதானே?"

"வீட்டுல கரன்ட் இருந்தா ஆக்ஸிஜன் மெஷினைக் கையோட குடுத்து அனுப்புவோம்னு ஆஸ்பத்திரி சொல்லுது. வீட்டு வரி ரசீது கொண்டாந்தா கரன்ட் குடுப்போம்னு மின்வாரியம் சொல்லுது. வீடு ஏரிக்கரைப் புறம்போக்குல இருக்கு, தாசில்தார் ஆபீஸ்ல ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வந்தா ரசீது போடுவோம்னு ஊராட்சி சொல்லுது."

"தாசில்தார் ஆபீஸ்?"

"அங்க குடியிருக்கறதுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. கரன்ட் அட்டை இருந்தாப் போதுமாம்."

கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். செங்கமலத்தம்மா சிரிக்கவில்லை.

"கூட்டத்துல என்ன முடிவு பண்ணீங்க?"

"ஒவ்வொருத்தரா எழுந்திருச்சுப் பதில் வாசிச்சாங்க தாயே. எல்லாப் பதிலும் ஒரே மாதிரிதான். 'இம்மனு மீது எங்கள் தரப்பில் நிலுவை ஏதுமில்லை.' பதிவேட்டுல அப்படியே ஏத்தியாச்சு."

"நாலு பேர்கிட்டயும் நிலுவை இல்லை."

"இல்லை."

"அப்ப நிலுவையில இருக்கறது யாரு அண்ணே?"

பூவராகன் துடுப்பை அண்டா விளிம்பில் சாத்திவைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி சாலையைக் கடந்து ஓடி வந்தாள். பத்தாம் படுக்கைக் கிழவர் போய்விட்டாராம். புளியந்தோப்பு ஊர்க்காரர், ஒரு தங்கை மட்டும் உடன் இருக்கிறாள், கூட மாட ஆள் இல்லையாம்.

"அண்ணே, அந்த உடம்போட கூடப் போய்ட்டு வாங்க" என்றார் செங்கமலத்தம்மா.

"நானா? எனக்கு மூணு மணிக்கு..."

"போய்ட்டு வாங்க."

கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் பிணத்தோடு அனுப்புகிற குருவை எங்கே போய்ச் சொல்வது! முணுமுணுத்துக்கொண்டே பூவராகன் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை, வேட்டி நுனியில் சாம்பல்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது." அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். "ஆச்சரியமா இருக்கு தாயே. ஒரு மணிக்கு டாக்டர் சீட்டு எழுதிட்டார். ஒன்றரைக்கு வண்டி வந்துடுச்சு. ஊருக்குள்ள நுழையும்போதே வி.ஏ.ஓ. சலீம் நிக்கறார், அவருக்கு யாரு சொன்னாங்கன்னே தெரியல. ஊராட்சி ஆளுங்க சுடுகாட்டுப் பாதையில முள்ளை வெட்டிப் போட்டுட்டாங்க. லைன்மேன் தங்கப்பன் கம்பத்துல ஏறி உக்காந்திருக்கார். பூப்பல்லக்கு உசரமாம், கம்பி தாழ இருக்காம். அரை மணி நேரம் கரன்ட்டை நிறுத்திக் கம்பியைத் தூக்கிக் கட்டிக் குடுத்தார். மனு இல்லை, ரசீது இல்லை, அத்தாட்சி இல்லை. நாலு மணிக்கெல்லாம் கொள்ளி வச்சாச்சு."

"யாரு உத்தரவு போட்டது?"

"யாரும் போடல."

"கூட்டம் நடந்துச்சா?"

"எங்க நேரம்? பொணம் தாங்குமா தாயே? சித்திரை வெயில்."

செங்கமலத்தம்மா கொட்டகையின் பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு பெண் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேரு பொன்னழகு. வைரப்பெருமாள் சம்சாரம். அவ புருஷன் தாங்குவாருன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க."

பூவராகன் எழுந்து போனார். அவள் எதிரில் நின்றார். மனுவில் 'மனுதாரரின் மனைவி' என்று படித்திருந்த அந்த ஆள் இவள்தான். அவரை யாரென்று அவளுக்குத் தெரியாது. ஏதோ கஞ்சி கிண்டுகிற பெரியவர் என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்டா வேணுமாங்கய்யா? இந்தா ஆச்சு."

"வேணாம்மா. ஒன் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?"

அவள் கை நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூச்சு கெடக்குதுங்கய்யா, வீட்டு நெனப்புதான் பெருசா இருக்குது. அந்த வீட்டுக்கு ஒவ்வொரு கல்லும் அவரு தலையில சொமந்தது. கூரை போட்ட மறுநாளே மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு ராத்திரிகூட அதுல தூங்கலைங்க. கதவு மட்டும் வைக்கல, என் சீலையத்தான் மறைப்புக்குக் கட்டியிருக்கேன். தெனமும் கேக்கறாரு, சீலை காத்துல ஆடுதா புள்ளன்னு. ஆடுதுங்கறேன். படுத்துக்கிட்டே அதை ஒரு தடவை பாத்துரணுமாம். வேற எதுவும் கேக்கலைங்க."

பூவராகன் திரும்பி வந்தார். கொட்டகையில் செங்கமலத்தம்மா விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்ல முடியல தாயே."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி அண்ணே" என்றார் அவர்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் பூவராகன் வைரப்பெருமாளின் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். மற்ற மூன்று துறைக்கும் காட்டமாக ஒரு கடிதம் எழுதுவதாகத்தான் ராத்திரி முழுக்க உத்தேசம். நாற்காலியில் சாய்ந்து வாக்கியங்களைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். கோப்பைப் பிரித்தார். முதல் தாளில், ஊராட்சி ரசீது போட மறுத்த குறிப்பின் கீழே, பச்சை மையில் ஒரு கையெழுத்து இருந்தது. அவருடையதுதான். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை. நேற்று மடத்தில் 'ஊராட்சி சொல்லுது' என்று யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வதுபோலச் சொன்னோமே என்று அவருக்குக் கூசியது. அதன்பிறகு ஊராட்சிச் செயலரைக் கூப்பிட்டு ரசீதுப் புத்தகத்தைக் கேட்டார். ரசீதின் அடியில், 'இது நில உரிமைக்கு ஆதாரமாகாது' என்று பொடி எழுத்தில் அச்சடித்தே இருந்தது. முப்பத்து நாலு வருடமாக அவர் அந்த வரியைப் படித்ததில்லை.

"போடுங்க" என்றார்.

"சார், தாசில்தார் ஆபீஸ் கடிதம் வரலையே?"

"நான் எழுதித் தர்றேன். என் பேரைப் போட்டே எழுதித் தர்றேன்."

ரசீதைத் தபாலில் அனுப்பவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்கு அவரே போனார். அங்கிருந்த பொறியாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தாளுக்காகத்தான் சார் நாங்க காத்துக்கிட்டிருந்தோம். எங்களுக்கும் மனசு கேக்கலதான், என்ன செய்யறது?" என்றார். அந்தப் பொறியாளரின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. இப்படி எல்லோரும் வருத்தப்பட்டுக்கொண்டேதான் ஆறு மாதம் போயிருக்கிறது என்று பூவராகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானம் ஏரிக்கரையில் நாலு பேர் நின்றார்கள். பூவராகன், லைன்மேன் தங்கப்பன், வி.ஏ.ஓ. சலீம், ஆஸ்பத்திரியிலிருந்து செவிலியர் அமலோற்பவம். நாலு பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குக் கரன்ட் வர இரண்டு கம்பம் நட வேண்டும் என்றார் தங்கப்பன். எங்கே நட்டால் ஏரிக்குள் வராது என்று சலீம் காலால் கோடு கிழித்துக் காட்டினார். நடுவில் இருந்த கருவேல முள்ளை ஊராட்சி ஆட்கள் சாயங்காலத்துக்குள் வெட்டிவிடுவார்கள் என்றார் பூவராகன். அமலோற்பவம் மட்டும் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஸ்விட்சை இந்தப் பக்கம் வைக்காதீங்க. அவரு வாசலைப் பார்த்துப் படுக்கணும்" என்றார்.

இதையெல்லாம் கூட்டத்தில் பேசியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே வந்து நின்றவர்களுக்கு எது எங்கே என்று கண்ணாலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு விளக்கு எரிந்தது. ஆக்ஸிஜன் மெஷின் முனகிக்கொண்டு ஓடியது. பொன்னழகு தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் கரையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். வைரப்பெருமாளைக் கயிற்றுக் கட்டிலில் மாற்றிப் படுக்க வைத்து, சின்ன சிலிண்டரைப் பக்கத்தில் வைத்து, நாலு பேரும் ஆளுக்கொரு கால் பிடித்தார்கள். தங்கப்பன் ஆறடி ஆள். அவர் பக்கம் கட்டில் உயர்ந்து, வைரப்பெருமாள் அமலோற்பவம் பக்கமாகச் சரிந்தான். தங்கப்பன் முழங்காலை மடக்கிக் குனிந்துகொண்டார். நூறு அடி தூரமும் அப்படியே குனிந்தபடி நடந்தார். மறுநாள் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம்.

வாசலில் சேலை ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலை உள்ளே வைத்ததும் வைரப்பெருமாள் அதைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பொன்னழகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் தேடிய முகம் இதோ இருக்கிறது என்று பூவராகன் நினைத்தார். எலும்பும் தோலுமாக, மூக்கில் குழாயோடு இருந்த அந்த முகத்தைப் போல அழகான முகத்தை அவர் பார்த்ததில்லை.

கிளம்பும்போது வைரப்பெருமாள் கையை லேசாகத் தூக்கினான். நாலு பேரும் குனிந்தார்கள்.

"நாளைக்கும் வருவீங்களா?" என்றான்.

நாலு பேரும் தலையை ஆட்டினார்கள்.

வெளியே வந்ததும் அமலோற்பவம் பூவராகனிடம் மட்டும் தனியாகச் சொன்னார். "ரெண்டு மாசம் இருக்கலாம் சார். ரெண்டு வாரமும் ஆகலாம். ஆறு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா கொஞ்சம் எழுந்து உக்காந்திருப்பார்."

அடுத்த செவ்வாயன்று பூவராகன் மடத்துக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. துடுப்பைத் தொடாமல் அடுப்புப் பக்கத்தில் நின்றார்.

"வர்ற வழியில பொன்னழகைப் பார்த்தேன் தாயே. மருந்து வாங்க வந்திருந்தா. என்னைப் பார்த்ததும் கோவிச்சுக்கல. அதுதான் தாங்கல. 'வேலையா இருந்திருப்பீங்க'ன்னா. 'நாலு நாளா வெளியில காலடிச் சத்தம் கேட்டாத் தலையத் தூக்கிப் பாக்கறாருங்கய்யா. அவங்களா பாரு, அவங்களா பாருங்கறாரு'ன்னா."

"நீங்க போகலையா?"

"இல்ல."

"செவிலியர்?"

"போகல. தங்கப்பனும் போகல, சலீமும் போகல. இப்பத்தான் மூணு பேர்கிட்டயும் விசாரிச்சேன். நோயாளியாச்சே, அமலோற்பவம் போயிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். எடம் அவரோட எல்லையாச்சே, சலீம் போயிருப்பார்னு அவங்க நெனச்சிருக்காங்க. பெரியவர் நீங்க போயிருப்பீங்கன்னு மத்த ரெண்டு பேரும் சொல்றாங்க."

அண்டாவில் கஞ்சி கொதித்துப் பொங்கி வந்தது. செங்கமலத்தம்மா கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

"யாருக்கும் போகக் கூடாதுன்னு இல்ல தாயே. எல்லாருக்கும் அவரைப் பார்க்கணும்னுதான் இருக்கு. எனக்கு ராத்திரியெல்லாம் அந்த முகம்தான். ஆனா அவர் கேட்டது அப்படி. 'வருவீங்களா'ன்னார். மரியாதைக்கு என் ஒருத்தனைப் பார்த்துக் கேட்டாரா, நாலு பேரையும் சேர்த்துக் கேட்டாரா? எங்களுக்கு அது வெளங்கல."

செங்கமலத்தம்மா எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டார்.

"வாசலைப் பார்த்துக் கெடக்கறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே" என்றார்.